புசுபுசு நாயின் முடிக்குள் கை விட்டுப் பாருங்கள்

எங்கள் திருச்சியில் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வெள்ளை முடியும் முதுகின் மேல் சுருண்ட வாலும் கொண்ட ஒரு சடைநாய் இருக்கும். எல்லோரும் அதைப் பொமரேனியன் என்றே சொல்வார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்னும் வகையைச் சேர்ந்தவை. பொமரேனியன் ஏறத்தாழ 3 கிலோவைத் தாண்டாத மிகச் சிறிய நாய். இந்தியன் ஸ்பிட்ஸில் சிறிய வகையே 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். பெரிய வகை அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாக வளரும். இரண்டின் மூதாதைகளும் ஐரோப்பாவின் குளிர்ப்பகுதிகளில் வளர்ந்த ஸ்பிட்ஸ் நாய்கள்தான் என்பதால், முடியின் அமைப்பும் பராமரிப்பும் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. எங்கள் வீட்டு மல்லி அந்தச் சிறிய வகை ஸ்பிட்ஸ். அவளை வளர்க்கும்போது கற்றவற்றையும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இத்தகைய நாய்களைக் கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்துவிட முடியாது என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது. அடர்ந்த முடி உடம்பை முழுவதுமாக மூடிவிடுகிறது. உள்ளே உண்ணி ஏறியிருந்தாலும், தோல் சிவந்து புண்ணாகியிருந்தாலும், விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தாலும், நடக்கச் சிரமப்படும் அளவுக்குக் கொழுத்திருந்தாலும், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே அழகான வெள்ளை உருண்டைதான் தெரியும். குட்டையான முடியுள்ள ராஜபாளையத்தையோ நாட்டு நாயையோ வளர்ப்பவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும் செய்தி, நமக்கு முடியைப் பிரித்துக் கையால் தடவிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே வாருவது, உணவளிப்பது, பழக்குவது ஆகிய மூன்றையும் நான் தனித்தனி வேலைகளாகப் பார்ப்பதில்லை. நாய் தன்னைத் தொட அனுமதித்தால்தான் வார முடியும். வாரும்போதுதான் அதன் உடம்பு நமக்குத் தெரியும். அந்த உடம்பைத் தெரிந்துகொண்டால்தான் எவ்வளவு உணவு கொடுப்பது என்பதை முடிவு செய்ய முடியும்.

முதலில் முடியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்பிட்ஸின் முடி இரண்டு அடுக்குகளைக் கொண்டது. தோலை ஒட்டி மென்மையான, குட்டையான, மிக நெருக்கமான அடிமுடி இருக்கும். அதை ஊடுருவி நீளமான, சற்று முரடான மேல்முடி வெளியே நிற்கும். நாய் புசுபுசுவென்று தோன்றுவதற்குக் காரணம், அடிமுடி மேல்முடியைத் தாங்கித் தூக்கி நிறுத்துவதுதான். இந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே தங்கும் காற்று குளிரில் உடம்பின் வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. வெயிலில் வெளி வெப்பம் நேராகத் தோலில் இறங்காமல் தடுக்கிறது. ஓலைக் கூரை வேய்ந்த வீடு சித்திரையிலும் உள்ளே தணிந்திருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும்.

ஒவ்வொரு கோடையிலும் பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, இந்த வெயில்ல பாவம், மொட்டை அடிச்சு விட்ருங்களேன்" என்று மல்லிக்காகப் பரிந்து பேசுவான். அவனுடைய இரக்கம் உண்மையானது. ஆனால் அந்த யோசனையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நாய்க்கு மனிதரைப் போல் உடம்பு முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களின் அடியில் மட்டுமே வியர்வைச் சுரப்பிகள் பயன்படுகின்றன. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதன் மூலமே அது தன் வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. வியர்க்காத தோலை வெறுமையாக்குவதால் நமக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அதற்குக் கிடைக்காது. மாறாக, வெள்ளை முடிக்கு அடியில் இருக்கும் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துபோகும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. இரட்டை அடுக்கு முடி கொண்ட நாய்களைத் தோலை ஒட்ட மழித்துவிட்டால், சிலவற்றுக்கு முடி மீண்டும் வளர ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம். வளர்ந்தாலும் திட்டுத்திட்டாகவோ நிறமும் தன்மையும் மாறியோ வளரலாம். ஷி சூ, லாசா ஆப்சோ போன்ற நாய்களின் நிலை வேறு. அவற்றின் முடி தலைமுடியைப் போல் நீண்டுகொண்டே போவதால், அளவாக வெட்டிவிடுவது அவற்றுக்கு நல்லதே. தெருவில் ஒரு ஷி சூவுக்கு முடி வெட்டியதைப் பார்த்துவிட்டு ஸ்பிட்ஸுக்கும் அதையே செய்துவிடக் கூடாது.

வெயிலுக்குச் செய்ய வேண்டியது, உதிர்ந்து உள்ளேயே தங்கிவிட்ட பழைய அடிமுடியை வாரி எடுத்துவிடுவதுதான். அப்போதுதான் காற்று தோல்வரை போய்வரும். அக்னி நட்சத்திர நாட்களில் நடைப்பயிற்சியை விடிவதற்குள் முடித்துவிட வேண்டும். மாலையில் இருட்டிய பிறகும் தார்ச்சாலை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும் என்பதால், புறங்கையைச் சில நொடிகள் தரையில் வைத்து நம்மால் தாங்க முடிகிறதா என்று பார்த்த பிறகே நாயை இறக்க வேண்டும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். நிழலில் படுத்த பிறகும் மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக ஒழுகி, ஈறு கடுஞ்சிவப்பாகி, கால்கள் தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு. உடனே தண்ணீரை ஊற்றி, விசிறிக் காற்றில் வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இங்கும் முடி நம்மை ஏமாற்றும். மேலாக ஊற்றும் தண்ணீர் மேல்முடியில் வழிந்து போய்விடும், தோல் நனையாது. முடியை விரலால் பிரித்து, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் அக்குளிலும் பாதங்களிலும் நனையும்படி ஊற்ற வேண்டும். நம் ஊரில் மே மாத நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே சுடும் என்பதால், கோடை முழுவதும் ஒரு வாளித் தண்ணீரை வீட்டுக்குள் நிழலில் எடுத்துவைத்திருக்கிறேன்.

வாருவதற்கு எனக்கு இரண்டு கருவிகள் போதும்: வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாகப் பதித்த ஸ்லிக்கர் பிரஷ் ஒன்று, அகலப் பல்லும் நெருக்கப் பல்லும் சேர்ந்த ஸ்டீல் சீப்பு ஒன்று. விலையுயர்ந்த பெட்டி பெட்டியான கருவிகள் எதுவும் தேவையில்லை. காய்ந்த முடியை வாரினால் நுனி முறியும் என்பதால், முதலில் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் தெளித்து முடியை லேசாக ஈரப்படுத்திக்கொள்வேன். பிறகு நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடது கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் ஒரு கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள முடியை மட்டும் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும். அது முடிந்ததும் ஒரு விரலளவு மேலே அடுத்த வகிடு. இப்படி வயிற்றிலிருந்து முதுகுவரை வரிவரியாக ஏறிப்போவதுதான் சரியான முறை. பலரும் முதுகின் மேல் பிரஷை இழுத்துவிட்டு வாரியாயிற்று என்று எழுந்துவிடுகிறார்கள். மேல்முடி பளபளவென்று படிந்துவிடும். அடிமுடி மட்டும் உள்ளே கம்பளமாக இறுகிக்கொண்டே போகும். வாரி முடித்த பிறகு ஸ்டீல் சீப்பைத் தோல்வரை இறக்கி இழுத்துப் பார்த்து, எங்கும் தடுக்காமல் வந்தால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

சிக்கு விழும் இடங்கள் எல்லா ஸ்பிட்ஸுக்கும் ஏறத்தாழ ஒன்றே: காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப்பட்டை உராயும் இடம், பின்தொடையில் தொங்கும் நீண்ட முடி, வாலின் அடிப்பகுதி. முழு உடம்பையும் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வாரினால் போதும். இந்த ஐந்து இடங்களை மட்டும் நாள் தவறாமல் பார்க்க வேண்டும். சிறிய சிக்கு என்றால் அதில் சிறிது கண்டிஷனர் தடவி, தோலுக்கும் சிக்குக்கும் இடையே விரல்களால் முடியைப் பிடித்துக்கொண்டு, இழுவை தோலைத் தாக்காதபடி நுனியிலிருந்து சிறிது சிறிதாகப் பிரிக்கலாம். இறுகிப்போன சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டுவது மிகவும் ஆபத்தானது. சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே இழுபட்டு நிற்பதால் எது முடி, எது தோல் என்று தெரியாது. அக்குளில் தோல் காகிதம்போல் மெல்லியது. அந்த வேலையை டிரிம்மர் வைத்திருக்கும் பழகிய கைகளிடமே விட்டுவிட வேண்டும். வாலுக்கு அடியில் இருக்கும் முடியை மட்டும் எப்போதும் குட்டையாக வைத்திருக்கிறேன். மலம் ஒட்டி ஈரமாகவே இருக்கும் முடியில் மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிட்டால், மேலே முடி மூடியிருப்பதால் நாற்றம் வரும்வரை அது யாருக்கும் தெரியாது.

குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஏறத்தாழ 4 முதல் 8 மாத வயதுக்குள் குட்டியின் மென்முடி உதிர்ந்து பெரிய நாயின் முடி வரத் தொடங்கும். முகமும் கால்களும் மெலிந்து, அங்கங்கே முடி குறைந்து, வாங்கியபோது இருந்த அழகெல்லாம் போய்விட்டதுபோல் தோன்றும். அஞ்ச வேண்டியதில்லை, ஒன்றிரண்டு ஆண்டுகளில் முடி முழுமையாக வந்துவிடும். வளர்ந்த நாய்க்கு உடம்பிலும் தொடையிலும் இரு பக்கமும் ஒரேமாதிரி முடி கொட்டி, தோல் கறுத்துக்கொண்டே வந்தால் அது வேறு விஷயம். பொமரேனியன்களில் அப்படி ஒரு நோய் உண்டு. தைராய்டு முதலிய சுரப்பிக் கோளாறுகளும் அதே தோற்றத்தைத் தரக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது.

குளியலை மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் போதும். நாயின் தோலுடைய பிஎச் அளவு நடுநிலையை ஒட்டியிருக்கும். நமது தோல் அமிலத்தன்மை கூடியது. நமக்கான சோப்பும் ஷாம்பும் அதற்கு ஒவ்வாமல் தோலை வறளச் செய்வதற்கு இதுவே காரணம். குளிப்பாட்டும் முன் கட்டாயம் வாரி எல்லாச் சிக்கையும் எடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு காயும்போது இன்னும் இறுகிவிடும். அதன் பிறகு அதைப் பிரிக்கவே முடியாது. ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு தோலில் படும்படி தேய்த்து, விரல்களுக்கு இடையே வழுவழுப்பு முற்றிலும் நீங்கும்வரை அலச வேண்டும்.

குளிப்பாட்டுவதைவிட உலர்த்துவதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். துண்டால் அழுத்தி ஒற்றிய பிறகு, மிதமான சூட்டில் அல்லது சூடே இல்லாமல் டிரையரைப் பிடித்து, முடியைப் பிரித்துப் பிரித்துத் தோலை உலர்த்த வேண்டும். மேலே காய்ந்துவிட்டதாகத் தோன்றும்போதும் தோல் அருகே விரலை விட்டால் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றே ஈரமாக இருக்கும்போது அந்த ஈரம் நாள்கணக்கில் தங்கி, பூஞ்சை வளர்ந்து, புளித்த வாடையும் அரிப்பும் தொடங்கும். ஓரிரவுக்குள் தோல் கொப்பளித்து நீர் கசியும் திட்டுகளும் வரக்கூடும். அடைமழை நாட்களில் நான் முழுக்குளியலைத் தள்ளிப்போட்டு, பாதங்களையும் வயிற்றையும் மட்டும் கழுவித் துடைத்துவிடுவேன்.

உண்ணியைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவு நிறைவாகாது. நம் ஊர் நாய்களில் மிகுதியாகக் காணப்படும் பழுப்பு உண்ணி, எர்லிகியோசிஸ், பபீசியோசிஸ் என்னும் உயிருக்கே உலை வைக்கும் இரத்த நோய்களைப் பரப்புகிறது. முதலாவது வெள்ளணுக்களைத் தாக்கி இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும்; இரண்டாவது சிவப்பணுக்களையே உடைத்துவிடும். குட்டை முடி நாயின் மேல் ஊரும் உண்ணி தூரத்திலிருந்தே தெரியும். ஸ்பிட்ஸின் மேல் அது இரத்தம் குடித்து உப்பிய பிறகும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு நாள் மாலையும் மல்லியின் காது மடிப்பு, கண்ணிமை ஓரம், கழுத்து, அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறேன். பயறு அளவில் ஏதேனும் நெருடினால், முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்து, ஸ்பிரிட் உள்ள மூடியில் போட்டுவிட வேண்டும். கையால் நசுக்கக் கூடாது. இந்த உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதே இல்லை. கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டுச் சுவரை மறந்துவிட்டால் சில வாரங்களில் மீண்டும் ஏறிவிடும். மாதம் ஒருமுறையோ மூன்று மாதங்களுக்கு ஒருமுறையோ கொடுக்கும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே கொடுக்க வேண்டும். வீட்டில் பூனையும் இருந்தால், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்துகளை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. அது பூனைக்குக் கடும் நஞ்சு. நாய் சாப்பிட மறுத்துச் சோர்ந்து படுத்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் இரத்தம் வந்தாலோ, உண்ணி கண்ணில் படவில்லை என்பதற்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

உணவுக்கும் இதே கைதான் அளவுகோல். விலாப்பக்கம் முடிக்குள் விரல்களை விட்டு லேசாகத் தடவினால், மெல்லிய சதைக்கு அடியில் எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் நாய் கொழுத்திருக்கிறது. தொட்டவுடன் கூர்மையாக நெருடினால் மெலிந்திருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது இடுப்பு உள்வாங்கியிருக்கிறதா என்பதைக்கூடக் குளிப்பாட்டி முடி நனைந்து ஒட்டியிருக்கும்போதுதான் இந்த நாய்களிடம் காண முடியும். தட்டு நிறைய உணவை வைத்து, நாய் விட்டுப்போகும்வரை தின்னட்டும் என்று இருப்பதைவிட, இந்தச் சோதனையை வாரந்தோறும் செய்து அளவைக் கூட்டிக் குறைப்பது எவ்வளவோ மேல்.

நம் வீடுகளில் ஸ்பிட்ஸ் பெரும்பாலும் தயிர்சாதத்திலும் பால் பிஸ்கட்டிலுமே வளர்கிறது. அன்போடு கொடுப்பதுதான், ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் குறை புலப்படும். ஏறத்தாழ 6 கிலோ எடையுள்ள, வீட்டுக்குள் வாழும் வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு 400 கலோரி அளவே போதுமானது. ஒரு மேரி பிஸ்கட் 25 கலோரி அளவில் இருக்கும். காலையில் காபி நேரத்தில் தாத்தா இரண்டு, மாலையில் பள்ளியிலிருந்து வந்த குழந்தை இரண்டு கொடுத்தால், அன்றைய உணவில் கால் பங்கு மாவும் சர்க்கரையுமாகப் போய்விடும். தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலும், முடி என்பது பெரும்பாலும் புரதம். இவ்வளவு அடர்ந்த முடியை வளர்த்துக் காக்க வேண்டிய உடம்புக்கு வெறும் சோறும் தயிரும் போதவே போதாது. முடி மங்கி, உலர்ந்து, எளிதில் முறியும்.

வீட்டில் சமைத்துக் கொடுப்பதாக இருந்தால் தோல் நீக்கி வேகவைத்த கோழி, அவித்த முட்டை, ஓரளவு சோறு, வேகவைத்த கேரட் அல்லது மஞ்சள் பூசணி ஆகியவை நல்ல அடிப்படை. உப்பு, மசாலா, எண்ணெய் எதுவும் கூடாது. வாரம் ஓரிரு முறை மத்தி மீனை அவித்து முள் நீக்கிக் கொடுத்தால் அதிலுள்ள ஒமேகா 3 கொழுப்பு தோலுக்கு நல்லது. முட்டையைப் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் சத்தை உடம்பில் சேரவிடாது. வீட்டுச் சமையலில் பலரும் கவனிக்காமல் விடுவது கால்சியம். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு. கறியும் சோறும் மட்டுமே தின்று வளரும் குட்டி, தன் எலும்பிலிருந்து கால்சியத்தை இழந்து, குதித்தாலே எலும்பு முறியும் நிலைக்கு வந்துவிடும். எனவே வீட்டுணவு என்றால் கால்சியமும் பிற சத்துகளும் எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது கட்டாயம். அந்தக் கவனத்துக்கு நேரம் இல்லாதவர்கள், வயதுக்கேற்ற முழுமையான உணவு என்று குறிப்பிட்ட உலர் உணவைத் தருவதே நாய்க்கு நல்லது. எந்த உணவிலிருந்து எந்த உணவுக்கு மாறினாலும், ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். பொமரேனியன் போன்ற மிகச் சிறிய குட்டிகள் நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரத்தச் சர்க்கரை சரிந்து மயங்கிவிடும். அவற்றுக்கு நாளைக்கு நான்கு வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

சாம்பார் சாதம் கொடுக்கவே கூடாது. வெங்காயமும் பூண்டும், சின்ன வெங்காயமோ பெரியதோ, வெந்ததோ வேகாததோ, நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதன் விளைவு சில நாட்கள் கழித்தே வெளியே தெரியும் என்பதால் எதனால் வந்தது என்றே வீட்டாருக்குப் புரியாது. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா சூயிங்கமும் கொடிய நஞ்சு. ஞாயிற்றுக்கிழமை குழம்பில் வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். விருந்தினர் வரும் நாட்களில் இவற்றை எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

இனிப் பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். சிட், கம், ஷேக் ஹேண்ட் எல்லாம் பிறகு வரட்டும். புசுபுசு நாய்க்கு முதலில் கற்றுத்தர வேண்டிய பாடம், மனிதக் கை தன் உடம்பில் எங்கே பட்டாலும் அதனால் நன்மையே வரும் என்பதுதான். குட்டிக்கு 3 முதல் 14 வார வயதுவரை புதியவற்றை அச்சமின்றி ஏற்கும் பருவம். அந்த வயதிலேயே தினமும் பாதத்தைத் தொட்டு, உடனே விரல்நுனி அளவு அவித்த கோழித் துணுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டும். தொடுதல் முதலில், தீனி அடுத்த கணத்தில் என்ற வரிசை மாறக் கூடாது. தீனியைக் காட்டி ஏமாற்றிப் பிடித்தால், தீனியைக் கண்டாலே ஓடப் பழகிவிடும். பாதம், காது, உதடு, வால் என்று ஒவ்வொன்றாகச் செய்து, பிறகு பிரஷைக் காட்டித் தீனி, பிரஷ் முதுகில் பட்டவுடன் தீனி, ஓர் இழுப்புக்குத் தீனி என்று ஏறிப்போக வேண்டும். நாய் முகத்தைத் திருப்பினாலோ, உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தாலோ, அது போதும் என்று சொல்கிறது. அங்கே நிறுத்திவிட வேண்டும். அந்தச் சிறிய மறுப்புகளை மதிக்காத வீட்டில்தான் நாய் உறுமவும் கடிக்கவும் கற்றுக்கொள்கிறது.

மல்லிக்கு நான் பழக்கியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தாடையை என் உள்ளங்கையில் வைப்பது. அவள் தாடை என் கையில் இருக்கும்வரை வாருவேன். எடுத்துவிட்டால் பிரஷும் நின்றுவிடும். நிறுத்தும் உரிமை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த நாய், பிடித்து அமுக்கப்பட்ட நாயைவிட நெடுநேரம் அமைதியாக இருக்கும். உயிரியல் பூங்காக்களில் பெரிய விலங்குகளிடம் மயக்க மருந்தின்றி இரத்தம் எடுக்கப் பழக்குவதும் இதே முறையில்தான். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, அடி, அதட்டல், வலி தரும் கழுத்துப்பட்டை ஆகியவற்றை விட்டு, பரிசு தந்து பழக்கும் முறையையே எல்லா நாய்களுக்கும் பரிந்துரைக்கிறது.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் நகமும் பல்லும் எளிதாகிவிடும். வெள்ளை நகத்தின் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்த நாளத்துக்கு முன்பே, நுனியை மட்டும் சிறிது சிறிதாக நறுக்க வேண்டும். முன்காலின் உட்புறம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் தேயாது. முடிக்குள் மறைந்தபடியே வளைந்து சதைக்குள் ஏறிவிடும் என்பதால் அதைத் தவறாமல் தேடிப் பார்க்க வேண்டும். பாதத்தின் அடியில் விரல்களுக்கு இடையே வளரும் முடியையும் தரைமட்டமாக வெட்டிவிட வேண்டும். இந்தச் சிறிய நாய்களுக்கு முழங்காற்சில்லு விலகும் நோய் இயல்பாகவே அதிகம். வழுக்கும் டைல்ஸ் தரையும் முடி வளர்ந்த பாதமும் சேர்ந்தால் அது இன்னும் கெடும். பல்லை நாய்களுக்கான பற்பசையால் நாள்தோறும் துலக்குவது நல்லது. சிறிய வாயில் 42 பற்கள் நெருங்கி நிற்பதால் ஈறுநோய் இந்த நாய்களுக்கு இளம் வயதிலேயே வந்துவிடுகிறது. நமது பற்பசையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

குரைப்பைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வீட்டுக்கு வருபவரை அறிவிப்பது ஸ்பிட்ஸின் இயல்பு; அதை முற்றிலும் அடக்க முயல்வது நாய்க்குச் செய்யும் கொடுமை. நாமும் உரக்கக் கத்தினால், நாமும் சேர்ந்து குரைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். அழைப்பு மணி அடித்தால் தன் பாயில் போய் உட்கார்வது என்ற மாற்று வேலையைக் கற்றுக்கொடுக்கலாம். வீட்டில் ஒருவர் மணியை அடிக்க, மற்றொருவர் பாயின் மேல் தீனி போட, நாள்தோறும் சிறிது நேரம் இதைச் செய்துவந்தால் மணி ஓசையே பாய்க்குப் போகும் ஆணையாகிவிடும். பாட்டி "உக்காரு" என்றும் பேரன் "சிட்" என்றும் ஆளுக்கொரு சொல் சொல்லாமல், வீடு முழுவதும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். நடைக்கு அழைத்துப் போகும்போது கழுத்துப்பட்டையில் வார் கட்டாமல், மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸில் கட்டுங்கள். பொமரேனியன் வகைகளுக்கு மூச்சுக்குழல் தளர்ந்து ஒடுங்கும் நோய் வரும் வாய்ப்பு அதிகம். கழுத்தில் விழும் ஒவ்வோர் இழுப்பும் அதை மோசமாக்கும்.

க்ரூமிங் கடைக்கு அனுப்புபவர்கள், நாயை ஒப்படைக்கும் முன் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. உடம்பை மழிக்கக் கூடாது, பாதமும் வாலடியும் மட்டும் வெட்டினால் போதும் என்பதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். சூடான டிரையர் வைத்த கூண்டுக்குள் நாயை அடைத்து உலர்த்தும் கடை என்றால் வேண்டாம். வெப்பத்தில் நாய் மயங்கிவிடும். மேசையில் கழுத்துக் கயிற்றில் கட்டி நிறுத்திவிட்டு ஆள் நகர்ந்துபோகும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் முறை நீங்கள் அருகில் நிற்க அனுமதி கேளுங்கள். மறுக்கும் கடையைத் தவிர்த்துவிடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கேட்காமலேயே நாயை உள்ளே எடுத்துக்கொள்ளும் கடையில், மற்ற நாய்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அன்று மாலையே அக்குளையும் காதுக்குப் பின்புறத்தையும் வயிற்றையும் முடி பிரித்துப் பாருங்கள். கத்தரி பட்ட கீறலோ டிரையர் சுட்ட சிவப்போ இருந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் காட்டிவிடலாம்.